ஏணி வழக்கு

வாசல் நிலைக்கு மேலே பெயர்ப்பலகை மாட்டிய வீடு ஆலங்காட்டுப்பட்டியில் ஒன்றே ஒன்றுதான். ‘ஈஸ்வரமூர்த்தி, எம்.எஸ்சி., பி.எட்.’ என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. மலைமேல், செம்மேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மொத்தமே அறுபது கூரை உள்ள ஊரில், பலகையைப் படித்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் யாரும் கிடையாது. தபால்காரருக்கே அவனை அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து தெரியும். இருந்தும் மாட்டினான். மாட்டட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மா போன பிறகு அக்கா பெருமாயி தலைமேல் பலாப்பழம் சுமந்து சந்தைக்கு நடந்து நடந்து படிக்க வைத்த பிள்ளை அவன். ஆறாம் வகுப்பிலேயே மலையிறங்கிக் கீழ்நாட்டு விடுதிக்குப் போனவன், முப்பத்தொரு வயதில் இயற்பியல் வாத்தியாராக மலைக்குத் திரும்பி வந்தான். அந்தப் பலகையில் பாதி அக்காவுடையது என்று அவனே எல்லாரிடமும் சொல்வான். சொல்வதில் அவன் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

பாடம் நன்றாக நடத்துவான். ஆனால் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் விசை, வேகம், ஒளி எல்லாம் அவனுக்கு வேலை. மனசு இருந்ததெல்லாம் பல உலகங்களில். ஒரு காரியம் இரண்டு விதமாக நடக்கக்கூடும் என்றால், உலகமே இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமாகவும் நடந்துவிடுகிறது. இப்படிப் பிரிந்து பிரிந்து எண்ண முடியாத உலகங்கள். ஒவ்வொன்றிலும் நம்மைப் போலவே ஒருவர். செல்போனில் இதைப் பற்றி எத்தனை வீடியோ இருக்கிறதோ அத்தனையும் பார்த்திருந்தான். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சாமி வந்தவன் கெட்டான்.

உடன் வேலை பார்க்கும் வேதியியல் டீச்சர் ரோஸ்லின், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டார்.

“சார், அந்த இன்னொரு உலகத்தை எட்டிப் பாக்க ஏதாவது வழி இருக்கா?”

“இல்லீங்க டீச்சர். அங்கிருந்து ஒரு துரும்புகூட இங்க வராது.”

“அப்ப அது இருந்தாலும் இல்லாட்டாலும் நமக்கு ஒண்ணுதானே?”

“சமன்பாடு அவ்வளவு அழகா வருதுங்க.”

“எங்க சபையில சொல்றதும் அழகாத்தான் சார் இருக்கும். அதை நான் லேபுக்குள்ள கொண்டு வர்றதில்ல” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார். ஈஸ்வரமூர்த்திக்கு முகம் சுண்டிவிட்டது. வேதியியல்காரர்களுக்குக் கற்பனை குறைவு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஊர்க்காரர்கள் சொல்லும் எதையும் அவன் காதில் வாங்குவதில்லை. அதில் ஒன்றுதான் மூங்கில். மலையில் மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டுவார்கள். வளர்பிறையில் வெட்டினால் உளுத்துப்போகும் என்பது ஊர்ச்சொல். ஒரு வருஷம் ஆயுத பூஜை விடுமுறையில், அக்கா புருஷன் செங்கோடனுக்கு மிளகு பறிக்கப் புது ஏணி வேண்டியிருந்தது. மிளகு ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். பக்கக் கிளைகளை ஒரு சாண் விட்டு நறுக்கி, அந்தக் குச்சிகளில் கால் வைத்து ஏறுவார்கள். கொடுவாளை எடுத்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தியே கிளம்பிவிட்டான்.

“தேய்பிறை வரட்டும் கண்ணு, அப்பறம் வெட்டிக்கலாம்” என்றார் செங்கோடன்.

“லீவு தேய்பிறையில வரமாட்டேங்குதுங்க மாமா. நெலாவுக்கும் மூங்கிலுக்கும் என்ன சம்பந்தம்?”

செங்கோடன் சிரித்தார். மச்சினன் படித்தவன், ஆசையாக வெட்டித் தருகிறான், மேலே பேச அவருக்கு மனசு வரவில்லை. அந்த ஏணியில் ஒரு பருவம் முழுக்க ஏறி இறங்கினார், ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் பருவம், தை மாதம், பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை. தோட்டத்தில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்திவிட்டு, “பெருமாயி, வந்து அடியப் புடி” என்று குரல் கொடுத்தார் செங்கோடன். அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். “கிண்டி எறக்கிட்டு வாரேன்” என்றாள். பாதியில் விட்டால் களி கட்டிதட்டிப் போகும். அவர் காத்திருக்கவில்லை. களியை இறக்கி வைத்துவிட்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. ஏணி நடுவில் முறிந்து கிடந்தது. ஜீப்பில் ஏற்றிச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஈஸ்வரமூர்த்தி அக்கா வீட்டுப் பின்புறம் தனியாகப் போனான். முறிந்த ஏணி இரண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. முறிந்த இடத்தை விரலால் தட்டினான். கடலை மாவு மாதிரி மஞ்சள் தூள் கொட்டியது. இன்னொரு தட்டு, இன்னும் கொஞ்சம். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு செருப்புக் காலால் அந்தத் தூளை மண்ணோடு தேய்த்துவிட்டான். ஒருவரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பூபதி நாலு பேரோடு வந்தார்.

“ஈசு, ஏழாம் நாளு ஏணிய விசாரிக்கோணும். கொடுவாள் நீதான் கொண்டாரோணும், தெரியுமில்ல?”

தெரியும். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்தக் கதை தெரியும். மரங்களெல்லாம் மலையம்மன் பாவையிடம் வரம் கேட்கப் போனபோது, மூங்கில் எனக்குப் பூவும் வேண்டாம் பழமும் வேண்டாம், உயரம் கொடு போதும் என்றதாம். கொடுக்கிறேன், ஆனால் உன் மேல் கால் வைத்தவனை நீ கீழே விடக் கூடாது என்றாளாம் பாவை. மூங்கில் சத்தியம் பண்ணிக் கொடுத்ததாம். அதனால் ஏணியிலிருந்து விழுந்து ஆள் செத்தால், அந்த ஏணி சத்தியம் தவறிய ஏணி. அதை ஊர் நடுவில் படுக்க வைத்து விசாரணை செய்து, துண்டு போட்டு எரிக்க வேண்டும். செத்தவன் பொண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் கொடுவாள் கொண்டுவர வேண்டும். அவன் வராமல் வழக்கு நடக்காது.

சின்னப் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். எட்டு வயதில் ஒரு தடவை ஈஸ்வரமூர்த்தி வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். அப்போதைய ஊர்க்கவுண்டரின் குரல் மட்டும்தான் அங்கே எட்டியது. “உன்னய வெட்டுனது யாரு?” என்று முதல் கேள்வி. பதில் சொன்னது யார், என்ன சொன்னார்கள் என்பது காதில் விழவில்லை. அந்தக் கேள்வியின் அதட்டல் மட்டும் இருபத்தைந்து வருஷமாக அவனுக்குள் இருந்தது.

இப்போது அந்தக் கேள்வி ஊர் முன்னால் கேட்கப்படும். வெட்டியது யார், எந்த நாளில்.

“பூபதிண்ணே, இது என்ன காலம்? மூங்கிலுக்குக் காது இருக்குதா, வாய் இருக்குதா? மனுசன் செத்துப்போயிருக்கறப்பக் குச்சிய விசாரிக்கறதா? எங்கக்காவ ஊர் நடுவுல உக்கார வெச்சு இந்தக் கூத்த நடத்த நான் ஒத்துக்க மாட்டேன்” என்று ஆரம்பித்தவன் அரை மணி நேரம் பேசினான். விழிப்புணர்வு, பகுத்தறிவு, நாலு ஊர் சிரிக்கும், எல்லாம் வந்தது. நன்றாகத்தான் பேசினான். அவன் பேசியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். பூபதி அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். “படிச்சவன் சொல்றான், உடுங்கண்ணா” என்றாள் மெதுவாக. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அக்கா அன்று ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளைத் தேற்ற வேண்டுமே. அவனிடம் இருந்ததிலேயே அருமையானதை எடுத்து அவளுக்குக் கொடுத்தான்.

“அக்கா, இப்ப நான் சொல்றது சாமி கதை இல்ல, சயின்ஸு. ஒலகம் ஒண்ணு இல்ல. எண்ண முடியாத அளவுக்கு இருக்குது. இங்க மாமா விழுந்தாரு. இன்னொண்ணுல விழல. அங்க இந்நேரம் மொளகு காயப் போட்டுட்டு இருக்காரு.”

“அங்க நானும் இருக்கனா?”

“நீயும் இருக்கறக்கா. அவரு கூடவேதான் இருக்கற.”

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கொஞ்சம் சோறு சாப்பிட்டாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. பார், சயின்ஸ் சாப்பிட வைத்துவிட்டது என்று நினைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவன் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான்.

மாசி போனது, பங்குனி போனது. அக்கா வேலை செய்தாள், பேச்சு குறைந்தது, உடம்பு பாதியானது. துக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அவன் விட்டுவிட்டான். அவ்வப்போது ஏதாவது கேட்பாள். “அந்த ஒலகத்துல அன்னிக்கு வெள்ளன எந்திரிச்சிருப்பனா கண்ணு?” என்பாள். “இருக்கும்க்கா” என்பான். “அடுப்பு சீக்கிரம் பத்திருக்குமா?” என்பாள். “இருக்கும்க்கா, எல்லாமே இருக்கும்” என்பான் உற்சாகமாக. அக்காவுக்குப் பாடம் பிடித்திருக்கிறது என்று நினைத்தான், மடையன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனான். வாசலிலேயே தீய்ந்த வாசனை. அடுப்பில் களிப்பானை அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது, கிண்டும் துடுப்பு அதிலேயே நின்றது. இறக்கி வைத்துவிட்டு, “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டபடி தோட்டத்துக்கு ஓடினான்.

அந்த மரத்தடியில் அவள் நின்றாள். ஏணியின் முறிந்த அடித்துண்டை மரத்தில் சாத்தி, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் மேலே பார்த்தபடி இருந்தது. மேலே மிளகுக் கொடியைத் தவிர ஒன்றுமில்லை. அவள் கால் பட்டுப் பட்டு அந்த இடத்தில் புல் செத்து மண் தெரிந்தது. அது ஒரு நாள் நின்ற இடம் இல்லை.

“அக்கா, என்ன பண்ற?”

“சத்தம் போடாத கண்ணு. கூப்புட்ட ஒடனே வந்துட்டேன் பாரு இன்னிக்கு.”

அவன் அவள் கையை எடுக்கப் பார்த்தான். விடவில்லை.

“அந்த ஒலகத்துக்காரி வந்து புடிச்சிருப்பால்ல? களி போனாப் போவுதுன்னு ஓடியாந்திருப்பா. அவ நல்லவ. அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. ஈசு, எத்தன ஒலகம்னு சொன்ன?”

“அக்கா...”

“எண்ண முடியாதுன்ன. அத்தனையிலயும் புடிக்க வந்தவளுக எத்தன பேரு? வராதவ நான் ஒருத்திதானா? நீதான் படிச்சிருக்கயே, சொல்லு சாமி.”

உலகத்தில் எவனிடமும் அதற்குப் பதில் கிடையாது. அங்கிருந்து துரும்பு வராது என்று அவனே சொன்னவன்தானே. பத்து மாதமாக அவள் எண்ண முடியாத அத்தனை பெருமாயிகளோடும் தன்னை ஒப்பிட்டு, அத்தனை பேரிடமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆறுதல் என்று நினைத்து அவன் கொடுத்தது, ஒரு தடவை செய்த தப்பை முடிவே இல்லாமல் செய்ய வைக்கிற காரியமாக அவள் கையில் போய் முடிந்திருந்தது.

அந்த நிமிஷமே, “அக்கா, மூங்கில் உளுத்திருந்துச்சு, வெட்டுனவன் நான்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நேராகப் பூபதி வீட்டுக்குப் போனான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

போகிற வழியில் வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தேய்பிறையில் ஒரு மூங்கில், வளர்பிறையில் ஒரு மூங்கில் வெட்டி ஒரு வருஷம் சாய்த்து வைத்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒரு கொடுவாள் போதும், பொறுமை போதும். ஊர்ச்சொல் சரியோ தப்போ, சோதித்துப் பார்க்கக்கூடிய சொல் அது. அதைச் சோதிக்காமலே சிரித்தான். எந்தக் காலத்திலும் யாரும் சோதிக்க முடியாததை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் என்று சம்பளம் வேறு.

“வழக்க வெச்சுக்கலாங்கண்ணே” என்றான் பூபதியிடம், நிமிர்ந்து பார்க்காமல்.

பூபதி குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. “பத்து மாசம் அந்தப் புள்ளய வாட்டிட்டியேப்பா” என்று மட்டும் சொன்னார். “நாளைக்குக் காலையில. கொடுவாளத் தீட்டிட்டு வா.”

கொடுவாளைத் தீட்டும்போதே முடிவு பண்ணினான். முதல் கேள்வி வந்ததும் எழுந்து நின்று சொல்லிவிடுவது. நான் வெட்டினேன், வளர்பிறையில் வெட்டினேன், மாமா வேண்டாமென்றார், தூளைக் காலால் தேய்த்தேன். ஊர் காறித் துப்பட்டும். அக்காவின் பாரம் அவன் தலைக்கு மாறினால் போதும்.

ஞாயிறு காலை வெயில் ஏறும் நேரம் ஊர்ப்பொதுவில் எல்லாரும் கூடினார்கள். ஏணியின் இரண்டு துண்டையும் ஒன்றுசேர்த்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பெருமாயி. அவளுக்கு அடுத்து, கொடுவாளோடு ஈஸ்வரமூர்த்தி. பூபதி ஏணியின் தலைமாட்டில் நின்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே அதட்டல்.

“உன்னய வெட்டுனது யாரு?”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் சுற்றி நின்ற அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், குனிந்து ஏணியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒன்றாகச் சொன்னார்கள்: “நாங்க.”

“உன்னயத் தூக்கிக் கொண்டாந்தது யாரு?”

“நாங்க.”

“உன் மேல ஏறச் சொன்னது யாரு?”

“நாங்க.”

“உன் அடியப் புடிக்காம உட்டது யாரு?”

பெருமாயியின் உடம்பு குலுங்கியது. “நாங்க” என்றது ஊர். பல்லுப்போன கிழவர்கள் சொன்னார்கள், அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர்கள் சொன்னார்கள், போன மாதம் கல்யாணமாகி வந்த பெண் சொன்னாள். பெருமாயியும் அவர்களோடு சேர்ந்து சொன்னாள். அந்தச் சொல்லில் அவள் பங்கு அறுபது வீட்டில் ஒரு வீட்டுப் பங்குதான்.

“கீழ உட மாட்டன்னு பாவைகிட்டச் சத்தியம் பண்ணுனது யாரு?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஏணியும் சொல்லவில்லை. பிறகு பூபதி, “போடு” என்றார். ஈஸ்வரமூர்த்தி கொடுவாளை ஓங்கினான். துண்டு துண்டாகப் போட்டான். மாவுத்தூள் பறந்தது, எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினார்கள். அந்த விறகிலேயே சாமைச் சோறு பொங்கினார்கள். முதல் கவளத்தைப் பெருமாயிக்குக் கொடுத்துவிட்டுப் பூபதி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“எரிஞ்சது எரிஞ்சு போச்சு. இனிமே அப்படிப் பண்ணிருந்தா, இப்படிப் பண்ணிருந்தான்னு ஒருத்தரும் வாயெடுக்கக் கூடாது.”

பெருமாயி சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஏழாம் நாளே நடந்திருந்தால் ஏழாம் நாளே சாப்பிட்டிருப்பாள். அந்தச் சடங்கு ஒருவரையும் காட்டிக்கொடுக்கிற சடங்கே இல்லை. யாரும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே யாரோ என்றைக்கோ யோசித்து வைத்தது. வேலிக்கு வெளியே நின்று பாதி கேட்டுவிட்டு, மீதியைத் தன் பயத்தால் நிரப்பிக்கொண்டவன் அவன். இலையில் இருந்த சோறு அவனுக்கு இறங்கவில்லை.

ஊர் ‘நாங்க’ என்றபோது தானும் அதில் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவன் வாய் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அது அவனுக்குத் தெரியும். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும். அந்த மூங்கில...”

“எரிச்சாச்சு ஈசு.”

“இல்லக்கா, நீ கேளு. நான் அதச் சொல்லாம இருந்தா எனக்கு...”

முறம் நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“உனக்கு எறக்கி வெக்கோணும் போல இருக்குது, புரியுது கண்ணு. நீ சொன்னீன்னா நான் மறுக்காவும் எல்லாத்தையும் மொதல்ல இருந்து நெனைக்கோணும். மறுக்காவும் அந்த மரத்தடிக்குப் போயி நிக்கோணும். போவச் சொல்றியா?”

“இல்லக்கா” என்றான்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ சாமி” என்று சொல்லிவிட்டு அவள் முறத்தைத் தூக்கினாள்.